மழைக்குத் தைத்த கூரை

பார்சலைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது தும்மல்தான். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைமேல் விரித்த கான்வாஸிலிருந்து செம்மண் தூசி கிளம்பி, ஜன்னல் வெயிலில் கீழே இறங்க மனமில்லாமல் நின்றது. தேன்மெழுகு, டீசல், ஆடு கட்டியிருந்த இடத்தின் வாடை, மூன்றும் கலந்த மணம். லீவில் பம்பாய் வரும்போதெல்லாம் உன் பையைத் திறந்தால் இதுதான் அடிக்கும். மாட்டுங்கா வீட்டில் உன் அம்மா இரண்டு தடவை அலசிப் போட்ட பிறகும் உன் துப்பட்டாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த மணம் இனி இந்தத் தாராவி மாடிக்கு வராது என்று நினைத்திருந்தேன். கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

உள்ளே இருந்தது ஒரு வண்டியின் இடது பக்கத் திரை. ஜாம்பியாவில் உன் ஷெட்டில் நீங்கள் செய்த முதல் வண்டிக்கு நான் தைத்துக் கொடுத்த கூரையோடு சேர்ந்தது. கூடவே சாண்டாவின் கடிதம், அரைப் பக்கம், ஆங்கிலத்தில். சாண்டாவை நான் நேரில் பார்த்ததில்லை. உன்னோடு ஷெட்டை ஆரம்பித்தவள், இப்போது அதை நடத்துகிறவள். "நம்ம ஊர் சாந்தா மாதிரிதான்டீ, பேரும் சரி, கோபமும் சரி" என்று நீ சொன்னது மட்டும் தெரியும். கூரை கடைசியில் கிழிந்துவிட்டதாம். வண்டி இன்னும் ஓடுகிறதாம். எவ்வளவு நாள் தாங்கியது என்று நான் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திரையை அனுப்பியிருக்கிறாளாம். கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி. ஃபர்மா கிடைக்குமா?

ஆங்கிலக் கடிதத்துக்கு நடுவே ஃபர்மா என்றே எழுதியிருக்கிறாள். துணி வெட்டும் அட்டை அளவுக்கு எங்கள் சந்தில் சொல்கிற சொல் ஜாம்பியா வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. உன் வேலை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நீ என்னிடம் கேட்டதும் அதைத்தான். நான் கொடுக்கவில்லை. கொடுக்காமலே நீ போய்விட்டாய். இப்போது உன் இடத்தில் நின்று இன்னொருத்தி கேட்கிறாள். என்ன பதில் சொல்வது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்குக் கேள்வி கேட்கிற வியாதி சின்ன வயதிலேயே உண்டு. மாட்டுங்கா பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், பாலக்காட்டு ஆபீஸர் வீட்டுப் பெண்ணான நீயும், தாராவியில் ரெக்ஸின் பை தைக்கும் திருநெல்வேலிக்காரர் மகளான நானும். உன் டிபன் டப்பாவில் தயிர் சாதம், என்னுடையதில் கருவாடு. அதைக்கூட நீ முகம் சுளிக்காமல், "இதை ஏன் வெயில்ல காய வைக்கறா? நிழல்ல வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுத் திட்டு வாங்கினேன். உனக்காக வாங்கிய முதல் திட்டு அது.

பிறகு நீ மெக்கானிகல் படித்தாய். செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாய். அங்கிருந்து ஜாம்பியாவில் ஒரு தாமிரச் சுரங்க ஊருக்கு, இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் மூன்று வருட ஒப்பந்தம். உன்னோடு போனவர்கள் எல்லாம் ஒப்பந்தம் முடிந்ததும் வாஷியிலும் ஐரோலியிலும் ஃபிளாட் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நீ திரும்பவில்லை. யாராவது ஆளைப் பிடித்துவிட்டாயோ என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "ஆள் இல்லைடீ, வண்டி" என்றாய்.

நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. சுரங்க வேலைக்காக உள்ளூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்த்திருக்கிறாய். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு மரத்தடியில் ஒரு பெரிய ஜீப் நின்றுகொண்டிருக்கும். விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டி. உள்ளே கோழி முட்டையிட்டிருக்கும். ஸ்டியரிங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஜீப்புகளைத் தேடிப் போனாய். ஏன் நின்றது, ஏன் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாய். ஒன்றுக்கு முன் கண்ணாடி உடைந்திருந்தது, வளைந்த கண்ணாடி, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்றுக்குக் கதவுப் பூட்டு. ஒன்றுக்கு விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயர். "எஞ்சின் கெட்டுப்போன வண்டி ஒண்ணுகூட இல்லை, கேட்டியா. எல்லாம் சில்லறைச் சாமானுக்காக நிக்கறது."

அந்த நோட்டிலிருந்துதான் உன் வண்டி பிறந்தது. நின்ற வண்டிகளில் எதெல்லாம் கெட்டதோ அது எதுவும் உன் வண்டியில் இருக்கக் கூடாது. முன் கண்ணாடி தட்டையாக இருக்க வேண்டும், சந்தையில் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரே வெட்டிக் கொடுக்கட்டும். கதவே வேண்டாம். தகரத்தில் வளைவு வேண்டாம், கைக் கத்தரியால் வெட்டி மடிக்கிற மாதிரி இருந்தால் போதும். எஞ்சின் தண்ணீர் இறைக்கிற பம்பில் இருப்பது, எல்லா ஊரிலும் அதற்கு மெக்கானிக் உண்டு. முக்கியமாக, வண்டியின் உடம்பை மூட்டுகிற போல்ட் எல்லாம் ஒரே அளவு. பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும், வண்டியையே பிரித்துவிடலாம். நீ, சாண்டா, ஒரு வெல்டர், மூன்று பேரும் ஒரு தகர ஷெட்டில் மாதம் ஒரு வண்டி செய்தீர்கள். நல்ல மாதமாக இருந்தால் இரண்டு. அதில் சோளமூட்டை போனது, தண்ணீர்ப் பீப்பாய் போனது, ஆடு போனது, பிரசவ வலி எடுத்த பெண்கள் போனார்கள்.

கூரைக்கு மட்டும் தகரம் வேண்டாம் என்றாய். வெயிலில் அடுப்பாகிவிடும், பள்ளத்தில் இறங்கினால் சத்தம் காதைக் கிழிக்கும். "கான்வாஸ் போதும். நீ தைச்சுக் குடு. எல்லாம் வெளியில நிக்கப் போறது, பார்த்துத் தை" என்று போனில் சொன்னாய்.

நான் பார்த்துத் தைத்தேன். அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்து, பைகளை விட்டுவிட்டு நான் லாரி படுதாவும் மழைத் திரையும் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. பம்பாயில் கான்வாஸ் வாங்குகிறவன் எவனும் ஒரே கேள்விதான் கேட்பான், ஒழுகுமா என்று. ஜூன் வந்தால் எங்கள் பிழைப்பே அந்தக் கேள்விமேல்தான் நிற்கிறது. அதனால் வழக்கப்படி பருத்தி நூலில் தைத்தேன். ஈரம் பட்டால் பருத்தி நூல் ஊதிக்கொண்டு ஊசித் துளையை அடைத்துவிடும், ஒரு சொட்டு உள்ளே வராது. கரீம் பாய், எங்கள் கட்டிங் மாஸ்டர், குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் சோதித்தார். கீழே காய்ந்த காகிதம் காய்ந்தபடியே இருந்தது. பெருமையாகக் கப்பலேற்றினோம்.

ஐந்து மாதம் கழித்து நீ போன் செய்தாய். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முதல் வண்டியை ஒரு நர்ஸுக்குக் குடுத்தோம். நேத்தைக்கு ஒரு பிரசவம் முடிஞ்சு தாயையும் பிள்ளையையும் கூட்டிண்டு வந்திருக்கா. பிறந்து ரெண்டு மணி நேரம் ஆன குழந்தை தும்மித்து, கேட்டியா. விடாம தும்மித்து. வழி முழுக்க உள்ளே செம்மண். அவ வண்டியை நேரே ஷெட் வாசல்ல நிறுத்தினா, சாவியை சாண்டா கையில குடுத்துட்டு நடந்தே போயிட்டா."

"ஏட்டி, எப்படி? ஒரு சொட்டு ஒழுகலையே!"

"ஒழுகலை. இங்கே ஒழுகறதுக்கு மழையே இல்லையே."

அந்த நர்ஸ் வேண்டாம் என்று சொன்ன வண்டியை அந்தப் பக்கத்தில் வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பதை நீ சொல்லவில்லை. பிறகு வெல்டர் உன்னிடம் வேறு வேலை தேடலாமா என்று கேட்டதையும் சொல்லவில்லை. எல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நீ சொன்னது ஒன்றுதான்: "நான் வரேன். ஏன்னு பார்க்கலாம்."

வந்தாய். திட்டுவாய் என்று நான் பதிலுக்குப் பேச வசனம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நீயோ மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு கிலோ கோலமாவோடு ஏறி வந்தாய். கரீம் பாய் அதைப் பார்த்துவிட்டு, "பூஜா ஹை க்யா, மேடம்?" என்று கேட்டார். பூஜைதான் என்றாய். தலையணை உறை அளவில் கான்வாஸ் பைகள் நான்கு தைக்கச் சொன்னாய், ஒவ்வொன்றும் ஒரு விதத் தையல். உள்ளே கறுப்புத் துணி வைத்து மூடினோம். ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் பையைத் தொங்கவிட்டு, கோலமாவைக் கொட்டி, டேபிள் ஃபேனை உள்ளே திருப்பிப் போட்டோம். மாடி முழுக்க வெள்ளை. பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே வயது ஆகிவிட்டது.

பருத்தி நூல் பையைத் திறந்து கறுப்புத் துணியை விரித்தாய். அதில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. ஒவ்வொன்றும் என் ஒரு ஊசித் துளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயோ புதையல் கிடைத்தவள்போல அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். பிறகு அதே பையைத் தண்ணீரில் நனைத்து மறுபடி வைத்தாய். இந்த முறை துணியில் ஒரு புள்ளிகூட இல்லை.

"நீ தப்பாத் தைக்கலைடீ. மழைக்குத் தைச்சிருக்கே. அங்கே ஆறேழு மாசம் ஒரு துளி விழாது. நூல் ஊதவே ஊதாது. துளை திறந்தே கிடக்கும்."

"நீ சொல்லிருக்கலாம்லா?"

"நேக்குத் தெரியாதே. நீ கேட்டிருக்கலாமே, எங்கே நிக்கப் போறதுன்னு?"

படுதா வாங்க வந்தவனிடம் அதுவரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நீளம், அகலம், எப்போது வேண்டும், அவ்வளவுதான்.

வழி சொன்னது கரீம் பாய்தான். கீழ்ச் சந்தில் செருப்பு செய்கிறவர்கள் அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷனை வாங்கி வந்தார். தையலை மடித்து, பாலியெஸ்டர் நூலில் தைத்து, உள்பக்கம் ஒரு பட்டையைச் சொல்யூஷன் போட்டு ஒட்டினோம். கோலமாவு தோற்றது. நீ கறுப்பு மார்க்கரை எடுத்து, புதிதாக வெட்டிய ஃபர்மாவின் பெரிய துண்டில், எனக்கு மறக்கக் கூடாதென்று, "மழை இல்லை, தூசி" என்று எழுதி வைத்தாய். ஃபர்மா என்றால் வேறொன்றும் இல்லை, கெட்டி அட்டையில் வெட்டிய அளவு. அதைக் கான்வாஸ்மேல் வைத்துக் கோடு போட்டுத்தான் வெட்டுவோம். உன் கூரைக்கு மொத்தம் பதினொரு துண்டு. அன்றிலிருந்து அவை என் சுவரில் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

அந்தத் தடவை நடந்த இன்னொரு கூத்தையும் எழுதிவிடுகிறேன். கூரை சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வண்டியின் மேல்சட்டத்தை இரும்புக் குழாயில் மாடியிலேயே மூட்டினோம். மூட்டி, கூரையும் போட்டு, தெருவில் வைத்துப் பார்க்கலாம் என்று கிளம்பும்போதுதான் தெரிந்தது, எங்கள் மாடிக்கு ஏணிதான் வழி என்பது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே அது தோன்றவில்லை. ஒரு வண்டி அளவுச் சட்டம், ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் இறங்க முடிகிற துவாரம். கீழே கூட்டம் கூடிவிட்டது. "தீவார் தோடோ!" என்று ஒருவர் சுவரை இடிக்கச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே குர்தா பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாய். டீ சொல்லி, அது வந்து சேர்வதற்குள் சட்டம் குழாய் குழாயாகக் கீழே இறங்கிவிட்டது. "இதுக்குத்தான் வெல்டு வேண்டாம்னேன்" என்று அந்தக் கூட்டத்துக்கே பிரசங்கம் செய்தாய்.

தெருவில் மறுபடி மூட்டி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். சக்கரம் கிடையாது, எஞ்சின் கிடையாது. "எங்கே போகணும், சொல்லுடீ" என்றாய், கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு.

"சயான் சர்க்கிள்ல இறக்கி விடுட்டி. டிராஃபிக்கா இருக்கும், பாத்து ஓட்டு."

உன் வண்டியில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். அந்தச் சட்டம் இன்று என் கடையில் நூல்கண்டு அடுக்குகிற ராக். ஸ்பானரை நீ என்னிடமே விட்டுப் போனாய்.

நர்ஸ் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முதல் வண்டிக்கு இரண்டாவதாகத் தைத்த அந்தக் கூரையின் திரைதான் இப்போது என் மேஜையில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு உன் வண்டிகளுக்கெல்லாம் நான்தான் கூரை. அப்போதுதான் நீ கேட்க ஆரம்பித்தாய்.

"ஃபர்மாவைக் குடேன். இங்கே தைக்கறதுக்கு நாலு பொண்ணுகள் இருக்கா. கிழிஞ்சா இங்கேயே தைச்சுப்போம். உன்கிட்டேருந்து கப்பல்ல வரதுக்கு மூணு மாசம் ஆறது. அதுவரைக்கும் வண்டி எங்கே நிக்கும்? மரத்தடியில. நான் எதை வேண்டாம்னேனோ அதையே நான் பண்ணிண்டிருக்கேன்."

"ஏட்டி, ஃபர்மா கடை வாசல் தாண்டாது. எங்கப்பா கதை உனக்குத் தெரியும்லா?"

உனக்குத் தெரியும். அப்பா ஸ்கூல் பை ஒன்றின் ஃபர்மாவைத் தன் கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். எட்டாவது நாள் எதிர்க் கடையில் அதே பை தொங்கியது. அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பேசவில்லை. என் கல்யாணத்தில் சித்தப்பா வந்தார், சாப்பிட்டார், அப்பாவைப் பார்க்காமலே போனார். எங்கள் பக்கம் யாரும் ஃபர்மாவைக் கேட்க மாட்டார்கள், கேட்டால் சண்டை என்று அர்த்தம். பணம் கேட்கலாம், பெண் கேட்கலாம்.

நீ கேட்டாய். சண்டை வரவில்லை. "வேற எது வேணும்னாலும் கேளுட்டி" என்றேன். "வேற ஒண்ணும் வேண்டாம். இதையே கேட்டுண்டிருப்பேன், ட்டோ" என்றாய். சொன்னபடியே ஒவ்வொரு போனிலும், வீடு, உடம்பு, அம்மாவின் முழங்கால், மாட்டுங்கா ஃபில்டர் காபி எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கும்போது, "அப்புறம், ஃபர்மா?" நான், "பாப்போம்." அது நமக்குள் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் கடைசியாகப் பேசினோம். உன் குரல் மெலிந்திருந்தது. "சளியாட்டி?" என்றேன். "தூசி" என்றாய். பொய் சொல்லியிருக்கிறாய், கள்ளி. வைக்கும்போது, "அப்புறம், ஃபர்மா?" என்றாய். "மழை முடியட்டும், பாப்போம்" என்றேன். மழை முடிந்தது. நவராத்திரி கொலு எல்லாம் இறக்கிய பிறகு முலுண்டிலிருந்து உன் தம்பி போன் செய்தான், நீ போய்விட்டதைச் சொல்ல.

அந்த "மழை முடியட்டும்" என்று சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதை உனக்கு நேராகவே எழுதிவிடுகிறேன்.

சாண்டா கேட்டதைக் கரீம் பாயிடம் சொன்னேன். "ஃபர்மா பாஹர் நஹீ ஜாதா, மேடம். ஆப்கா பாப் போல்கே கயா" என்றார். ஃபர்மா வெளியே போகாது, உங்கள் அப்பா சொல்லிவிட்டுப் போன பேச்சு அது. எனக்கு எரிச்சல் வந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அங்கேயே தைக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கும் அந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்? உன்னோடு எனக்கு இருக்கும் ஒரே கயிறு அதுதானே என்று ஒரு மனசு. கேட்டுக் கேட்டுச் செத்தாளே என்று இன்னொரு மனசு.

பதில் தெரியாததால் திரையைப் பார்க்க உட்கார்ந்தேன். நீ பார்ப்பதுபோல, கையில் பூதக்கண்ணாடியோடு. ஒரு மூலையில் கம்பளித் துண்டால் ஒட்டு. ஒரு இடத்தில் சோளமாவு மூட்டையின் துணி, எழுத்துகூட அழியவில்லை. ஓரத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை, அதை நானும் எடுத்துக்கொள்வேன். குறைந்தது மூன்று பேர் கை தெரிந்தது. ஒருத்தி அவசரக்காரி, தையல் தாவித் தாவி ஓடுகிறது. ஒருத்தி என்னைவிட நன்றாகத் தைக்கிறாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அத்தனை ஒட்டுப் போட்டும், என் தையல் ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை. என் மூட்டுத் தையல் தேய்ந்த இடத்தில்கூட அதைச் சுற்றித்தான் தைத்திருக்கிறார்கள். பிரித்து மாற்றியிருந்தால் பாதி வேலைதான்.

கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன். தைக்கிறவள் எவளுக்கும் தெரிந்த ஒன்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. ஒரு கூரையைத் தையல் பிரித்தால் பதினொரு துண்டும் தனித்தனியாக வந்துவிடும். அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் ஃபர்மா. ஒரு காலை வேலை. எங்கள் சந்தில் வெளிநாட்டுப் பை ஒன்றை வாங்கி, பிளேடால் பிரித்து, சாயங்காலத்துக்குள் அதே பையைத் தொங்கவிடுகிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்தவள் நீ. உன் ஷெட்டில் என் கூரைகள் எத்தனையோ இருந்தன. தைக்கத் தெரிந்த நான்கு பெண்கள் இருந்தார்கள். என்னைக் கேட்கவே வேண்டியதில்லை. பிறகு ஏன் பன்னிரண்டு வருடம் கேட்டாய்?

உனக்குப் போன் செய்ய முடியாது. சாண்டாவுக்குச் செய்தேன். என் ஓட்டை ஆங்கிலத்தில், ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். சொன்னாள். ஒரு தடவை வண்டி ஒன்று கூரைக்காகக் காத்து நின்றபோது, அவள் கோபத்தில் பிளேடை எடுத்து ஒரு கூரையைப் பிரிக்க உட்கார்ந்தாளாம். நீ வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாயாம். அவர்கள் ஊரில் இதைக் கேட்டு வாங்க வேண்டும், பம்பாய் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்றாயாம். இவளுக்கு ஆத்திரம். எப்போதுதான் சொல்வாள் என்று கத்தியிருக்கிறாள்.

"அதற்கு அவள் என்ன சொன்னாள்?" என்றேன்.

"அவள் கொடுப்பாள், அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான் என்றாள். சிரித்துக்கொண்டே."

போனை வைத்துவிட்டு, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, எல்லோர் முன்னாலும் அழுதேன். உடைந்த வயருக்காக நிற்கிற வண்டியைப் பார்த்தால் உனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் என் ஒரு வார்த்தைக்காக வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தாய். எங்கள் வீட்டுப் பழைய சண்டைக்கு, எங்கள் சந்தின் சட்டத்துக்கு, அப்பாவோடு கூடப்பிறந்த சித்தப்பாவே கொடுக்காத மரியாதையை நீ கொடுத்தாய். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

கரீம் பாயிடம் சாண்டா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியிலிருந்து ஃபர்மாவை அவரே கழற்றி, ஒவ்வொரு துண்டாக ஈரத்துணியால் துடைத்து மேஜையில் வைத்தார்.

மழைக்கு முந்தைய மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, உனக்குத் தெரியும். ஆர்டர்களைத் தள்ளி வைத்துவிட்டு நானும் அவரும் புது அட்டையில் பிரதி எடுத்தோம். துண்டு நகராமல் இருக்க மேலே உன் ஸ்பானரை வைத்துக்கொண்டேன். என் கடையில் அது திருக ஒரு போல்ட்கூடக் கிடையாது. பன்னிரண்டு வருடமாக ஃபர்மாவுக்குப் பாரம் வைக்கத்தான் அதைப் பயன்படுத்துகிறேன்.

எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. பழைய அட்டையில் உன் கையெழுத்து இருக்கிறது, "மழை இல்லை, தூசி." அதை வைத்துக்கொண்டு பிரதியை அனுப்பிவிடலாம் என்று கை தானாகப் போனது. ஆனால் பிரதி எடுத்தால் ஒவ்வொரு துண்டும் பென்சில் கோட்டின் அளவு பெரிதாகிவிடும், அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பதினொரு துண்டிலும் சேர்ந்தால் மூலையில் விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். அந்த இடைவெளியில் என்ன நுழையும் என்பதும் எனக்கு இப்போது தெரியும். இன்னொரு குழந்தை தும்ம வேண்டாம். அதனால் அசல் அங்கே போகிறது. பிரதியின் பெரிய துண்டில் உன் வரியை என் கையால் எழுதிக்கொண்டேன். உன் எழுத்து மாதிரி வரவில்லை.

பார்சலுக்குள் சாண்டாவுக்கு ஒரே வரி எழுதி வைத்தேன், பம்பாய் சரி என்று சொல்கிறது என்று. இன்று காலை கூரியர்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். பதினொரு துண்டும் கடை வாசலைத் தாண்டி, ஏணி இறங்கி, சந்துக்குள் திரும்பும்வரை நானும் கரீம் பாயும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்பானர் என்னிடம்தான் இருக்கிறது, அதைத் தர மாட்டேன். யார் படுதா வாங்க வந்தாலும், நீளம் அகலம் எழுதுவதற்கு முன்னால், எங்கே கட்டப் போறீங்க, வெயிலா, மழையா, தூசியா என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மத்தியானம் போன் அடித்தது. யாரோ லாரிக்காரர், ஆர்டர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நான் காத்திருந்தேன், பழக்கம். அந்த இடத்தில் இப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன், மெஷின் ஓட்டுகிற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க.

குடுத்துட்டேன்ட்டி, கேட்டியா.